மெய்நிகர்ப் பேருந்து நிலையத்தில் பார்வையை அளப்பது

அவையோருக்கு வணக்கம்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நேராக வந்து, “ஏங்க, ஏற்காடு பஸ் எங்க நிக்கும்?” என்கிறார். அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிறோமா, வாயைப் பார்த்தா? எவ்வளவு நெருங்கினால் ஒரு எட்டு பின்வைக்கிறோம்? இதை நேரில் ஆராய்ந்தால், நடிக்க வந்தவர் பத்தாவது தடவையில் சலித்துப்போவார். தலையில் ஹெட்செட் என்னும் திரைக்கருவியை மாட்டிப் பார்க்கும் மெய்நிகர்க் காட்சியில், அதாவது கணினி உருவாக்கிய காட்சியில், நூறு பேருக்கும் அதே ஆள், அதே நடை, அதே குரல். பிறரோடு பழகும் விதம் வேறுபடும் ஆட்டிசத்தின் பண்புகள் கூடக் குறைய, இந்தப் பார்வையும் தூரமும் மாறுகின்றனவா என்று அப்படி ஆராய்வதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆட்டிசப் பண்புகளை அளக்க, கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட 50 கேள்விப் பட்டியல் பரவலாகப் பயன்படுகிறது. இப்பண்புகள் கூடவோ குறையவோ எல்லோரிடமும் உண்டு. மதிப்பெண் ஏறியதாலேயே ஒருவருக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. பட்டியலைக் காட்சி முடிந்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் நோக்கம் புரிந்து, வலிந்து கண்ணைப் பார்ப்பார்கள்.

தூரத்தை அளக்க, காட்சியில் வரும் ஆளின் உருவத்தை 4 மீட்டரிலிருந்து விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நடக்கவிட்டு, சங்கடம் தோன்றியதும் பொத்தானை அழுத்தச் சொல்லலாம். கை 0.4 விநாடி தாமதித்தாலே 20 செ.மீ. போச்சு. ஹெட்செட்டுக்குள் தூரம் குறைவாகத் தெரிவதும் உண்டு. ஆகவே அந்த எண்ணை நேரில் அளந்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

பார்வையில்தான் வில்லங்கம் அதிகம். கண்ணுக்கும் வாய்க்கும் இடைவெளி ஏறக்குறைய 7 செ.மீ. ஒன்றரை மீட்டரில் அது 2.7 பாகை, 3 மீட்டரில் 1.3 பாகைதான். கண் எங்கே பார்க்கிறது என்று ஹெட்செட்டுக்குள் அளக்கும் பார்வை அளவியின் பிழை ஒரு பாகை என்று வையுங்கள், 3 மீட்டரில் கண்ணா வாயா என்றே பிரிக்க முடியாது. சேலத்து வெயிலில் வியர்த்து ஹெட்செட் சற்று நழுவினால் பிழை இன்னும் ஏறும். கண்மை தீட்டியிருந்தால் கருவி இமை ஓரத்தைக் கண்பாப்பா என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளிகளைக் காட்டிச் சரிபார்ப்பது சலிப்பான வேலை, செய்துதான் ஆகவேண்டும்.

உருவம் இமைக்காமல் முறைத்தால் யார்தான் அதன் கண்ணைப் பார்ப்பார்? நிமிடத்துக்கு 15 முறையாவது, சீரற்ற இடைவெளியில் இமைக்க வையுங்கள். பங்கேற்பவரைக் காட்சிக்குள் தன் காலாலேயே நடக்க விடுங்கள். ஜாய்ஸ்டிக்கில் தள்ளினால் தலைசுற்றும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவரா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நம் ஊரில் பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை. எனவே நரைத்த தலை உருவம் ஒன்று, சம வயது உருவம் ஒன்று, இரண்டையும் வைக்காமல் ‘கண்ணைத் தவிர்த்தார்’ என்று எழுதிவிடக் கூடாது. ஆட்டிச ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான புரியாமை ஒரு பக்கத்தது மட்டுமல்ல, இரு பக்கமும் இருக்கிறது. எழுதிவைத்த வசனம் பேசும் உருவம் ஒரு பக்கத்தைத்தான் அளக்கும். மறுபக்கத்துக்கு இரண்டு ஹெட்செட், இரண்டு உண்மையான ஆட்கள் வேண்டும். அப்போது இணைப்பின் தாமதத்தையும் ஒவ்வொரு அமர்விலும் பதிந்துவைக்க வேண்டும். இல்லையேல் பதில் பிந்தியது ஆளாலா, இணைப்பாலா என்று பிறகு கண்டுபிடிக்க வழியிருக்காது.