மகளின் கையைப் பிடித்திருக்கும் கல்

வணக்கம் மக்களே. இப்போது நான் இருப்பது அமெரிக்காவில், போர்ட்லண்ட் நகரத்தின் வில்லமெட் ஆற்றங்கரை நடைபாதையில். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் செர்ரி மரங்கள். பாதையோரம் பெரிய கற்கள் தெரிகின்றன இல்லையா? அவற்றில் குட்டிக் கவிதைகள் செதுக்கியிருக்கிறார்கள். ஜப்பானிய அமெரிக்கர்களின் நினைவாக 1990இல் திறக்கப்பட்ட இடம். வடிவமைத்தவர் ராபர்ட் முராசே.

1942 பிப்ரவரியில், ஜப்பானோடு போர் நடந்த நேரத்தில், அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதைக் காட்டி ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததுதான் மூட்டை. இந்த ஊர்க்காரர்களை முதலில் தங்கவைத்தது கால்நடைக் கண்காட்சிக் கூடத்தில். சாணம் கிடந்த தரைமேல் பலகை அடித்து, தடுப்புக்கு ஒரு குடும்பம். கோடை முழுக்க அந்த நாற்றம், ஈ. அப்புறம்தான் ஐடஹோவின் மினிடோகா முகாமுக்கு ரயில்.

சரி, இந்தக் கல்லுக்கு வாருங்கள். ஐந்தே வரி. ஏமாந்துபோன மனதோடு ஒருவர் வீடு திரும்புகிறார். மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கிளம்புகிறோம் என்று உணர்ச்சியே இல்லாமல் சொல்கிறார். அவ்வளவுதான் கவிதை. எனக்கு அந்தப் பிடிதான் மனதை விட்டுப் போகவில்லை. திருவிழாக் கூட்டத்தில் அம்மா என் மணிக்கட்டை அப்படித்தான் பிடிப்பார், வலிக்கும். அந்தப் பெண்குழந்தைக்கும் வலித்திருக்கும். அப்பா அம்மா முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் நடந்திருப்பாள். காலையில் பெய்த மழைத் தண்ணீர் எழுத்துக்குள் தேங்கியிருக்கிறது. விரலால் வழித்துவிட்டுத்தான் படித்தேன்.

இங்கே பல வரிகளை எழுதியவர் லாசன் இனாடா. கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவில் பிறந்தவர். அவரை அடைத்தபோது நாலு வயது. முதலில் சொந்த ஊரின் பொருட்காட்சித் திடல், பிறகு அர்க்கன்சாவில் ஜெரோம் முகாம், அதன்பின் கொலராடோவில் அமாச்சி. பள்ளிக்கூடம் போகும் வயதில் முள்வேலி. அதே பையன் பிற்பாடு, போர்ட்லண்ட் இருக்கும் இந்த ஓரிகன் மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார்.

1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. 1990இல்தான் கொடுக்கத் தொடங்கியது. முகாமிலிருந்து வந்த பலருக்குக் கடையும் நிலமும் கைவிட்டுப் போயிருந்தன. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து வந்த காசு அது.

நடுவில் இருக்கும் இந்தக் கல்லில் பத்து முகாம்களின் பெயரும் இருக்கிறது. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். இதோ, ஜெரோம்.