முருங்கை விழுந்துடுச்சு, அகத்தி நிக்குது: எங்க கொல்லையில எது ஜெயிச்சுது?

வணக்கம் வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கீங்க? பின்னாடி பாருங்க, வெளிச்சமா இருக்குல்ல? இந்தக் கொல்லையில இவ்வளவு வெயில் விழுந்து நீங்க பார்த்தே இருக்க மாட்டீங்க. ஏன்னா பெரியவன் இல்ல. ஆமாங்க, நம்ம முருங்கைதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி மழையில போயிட்டான்.

சும்மா போயிருந்தாலும் பரவால்ல. சந்துப் பக்கம் நீட்டிக்கிட்டு இருந்த கிளை, கவையில பொளந்துக்கிட்டு, பக்கத்து வீட்டு அண்ணனோட ஸ்கூட்டர் மேல விழுந்துடுச்சு. வண்டிக்கு வேற ஒண்ணும் இல்ல, இடது பக்கக் கண்ணாடி மட்டும் தூள். அவரு பாவம், "விடும்மா, மழைக்கு நீ என்ன பண்ணுவ"ன்னுட்டாரு. விட முடியுமா? கும்பகோணத்துல மூணு கடை ஏறி இறங்கினேன். மூணு கடையிலயும் ஒரே பதில், "ஒத்தையா வராதுக்கா, ஜோடியாத்தான்". உடைஞ்சது ஒண்ணு, நான் எதுக்குங்க ரெண்டு வாங்கணும்? செருப்பு மாதிரியா, ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு வீணாப் போக? கால் மணி நேரம் வாதாடினேன். கடைக்காரத் தம்பி போனைப் பார்த்துக்கிட்டே தலையாட்டுறான். 460 ரூபா! கடைசியில குடுத்துட்டுத்தான் வந்தேன். இதை அப்புறம் பேசுவோம், எனக்கு இன்னும் ஆறல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். காலியான இடத்துல என்ன வைக்கிறது? எங்க அத்தை ஒரே பிடிவாதம், திரும்ப முருங்கைதான். நான் சொல்றேன், அகத்தி. ரெண்டு நாளா வீட்ல இதுதான் பட்டிமன்றம். "முருங்கைய வச்சவன் வெறுங்கையோட போவான்னு நீங்கதானே சொல்லுவீங்க"ன்னு கேட்டா, "அது கம்பு ஊன்றாம நடப்பான்னு அர்த்தம்டி, அவ்வளவு சத்து"ங்கிறாங்க. அவங்களை ஜெயிக்க முடியாது.

கேமராவை இந்தப் பக்கம் திருப்புறேன். அந்த மூலையில, சாக்கடை ஓரமா ஒல்லியா நிக்குதே, அதான் அகத்தி. போன வருஷம் விதை போட்டதைப் பார்த்தவங்க இருப்பீங்க. பத்தே மாசம், பன்னிரண்டு அடி. இந்த மழையில நாலு நாள் முழங்கால் தண்ணி நின்ன இடம் அது. அசையல. இலை ஒண்ணுகூடப் பழுக்கல.

முருங்கைக்கு அது ஆகாது. நம்ம டெல்டா களிமண்ணு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். முருங்கை வறண்ட மண்ணுக்காரன், வேர்ல தண்ணி நின்னா அழுகிடும். விழுந்த மறுநாள் அடித்தண்டை விரலால அழுத்திப் பார்த்தேங்க, வேகவச்ச கிழங்கு மாதிரி உள்ள போகுது. அப்ப காத்து மேல பழி போடுறது தப்பு, அடியிலயே போயிடுச்சு. அகத்தி அப்படியே நேர் எதிர். ரொம்ப நாள் தண்ணி தேங்கினா அடித்தண்டுலயே பஞ்சு மாதிரி வேர் விட்டுக்கும்.

இன்னொண்ணு. முருங்கைக்காயைப் பார்த்தா அவரை, பீன்ஸ் சொந்தம்னு நினைப்போம். கிடையாது, அது தனிக் குடும்பம். அகத்திதான் பயறு ஜாதி. வேர்ல முடிச்சு இருக்கும், காத்துல இருக்கிற தழைச்சத்தை எடுத்து மண்ணுக்குக் குடுக்கும். நம்ம ஐயம்பேட்டை, ராஜகிரி பக்கம் கொடிக்கால் பார்த்திருக்கீங்கல்ல? வெத்தலைக் கொடி எது மேல ஏறுது? அகத்தி மேலதான். முதல்ல அகத்தியை விதைச்சு, அது எழும்பினப்புறம் அடியில கொடியை நடுவாங்க. கொடிக்குக் கொம்பும் அதுதான், நிழலும் அதுதான். நானும் ஒரு வெத்தலைக் கொடி விடலாம்னு இருக்கேன். இவரு இப்பவே சுண்ணாம்பு டப்பா தேட ஆரம்பிச்சுட்டாரு.

அப்புறம் கம்பளிப்பூச்சி. ஐயோ. அந்தப் பேரைச் சொன்னாலே எனக்குக் கை அரிக்குது. மழை ஆரம்பிச்சா போதும், பகல்ல முருங்கைத் தண்டுல கும்பலா அப்பிக்கிட்டு இருக்கும், ராத்திரி ஏறி இலையைத் தின்னும். போன ஐப்பசியில துணி காயப்போட்ட கொடிக்கயித்துல ஒண்ணு ஊர்ந்திருக்கு, அந்தத் துண்டை எடுத்து நான் முகம் துடைச்சு, மூணு நாள் கண்ணு வீங்கி, வீடியோவே போடல. ஞாபகம் இருக்கா? ஊர்ல தீப்பந்தம் கட்டிக் கொளுத்துவாங்க. எனக்கு அது பயம், பட்டையும் வெந்துடும். சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெய் கலந்து கும்பல் மேலயே அடிச்சேன், கொட்டுச்சு. கொட்டினதை அள்ளினது யாரு? நான்தான்.

இருங்க, அகத்திக்கு வக்கீல் ஆயிட்டேன்னு நினைக்காதீங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். இது என்னோட ரெண்டாவது அகத்தி. முதல் மரத்தை நானே கொன்னேன். எப்படின்னா, முருங்கையைக் காய்ப்பு முடிஞ்சதும் இடுப்பளவுக்கு மொட்டையா வெட்டி விடுவோம்ல, திரும்பத் தளதளன்னு துளிர்க்கும்ல? அதே மாதிரி அகத்தியையும் மொட்டை அடிச்சேன். துளிர்க்கவே இல்ல. அப்படியே காஞ்சு நின்னுச்சு. அகத்தியில ஒரே நேரத்துல எல்லா இலையையும் எடுக்கக் கூடாதுங்க. பாதிக்கு மேல கை வைக்காதீங்க, உச்சியிலயும் பக்கத்துலயும் கொஞ்சம் விட்டுட்டு ஒடிங்க. அந்த விஷயத்துல முருங்கைக்கு நிகர் எதுவும் கிடையாது. எத்தனை வெட்டு வெட்டினாலும் பொறுத்துக்கும்.

அகத்தியும் ஒடியுற மரம்தான், அதையும் ஒத்துக்கறேன். ஆனா ஒல்லிக் கிளை, விழுந்தா கண்ணாடி உடையாது. உடைஞ்சாலும் 460 ரூபாய்க்கு உடையாது!

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கதான் மனசு தடுமாறுது. மார்கழி, தை வந்தா ஒரு முருங்கைக்காய் முப்பது ரூபா சொல்றான் தள்ளுவண்டியில. ஒரு காய்! சாம்பார்ல நாலு துண்டு போட்டுட்டு, எண்ணி எண்ணிப் பரிமாற வேண்டியிருக்கு. அகத்திக்கீரைக்கு அந்த மவுசு கிடையாது, கசப்பு. துவாதசி அன்னிக்கு மட்டும் எங்க வீட்ல ராணி. பாசிப்பருப்பு, தேங்காய் போட்டு நான் பண்றது நல்லாவே இருக்கும், எங்க பையன் ஒத்துக்க மாட்டான். பூ பஜ்ஜின்னா மட்டும் ஓடி வருவான். பூவுக்கு நடுவுல இருக்கிற நரம்பை எடுத்துடணும், அதுல தான் கசப்பே. மருந்து சாப்பிடுறப்ப அகத்தி வேண்டாம்னு எங்க பாட்டி சொல்லுவாங்க, நான் மீற மாட்டேன்.

ஆனா அமாவாசை இருக்கே, அன்னிக்கு மாட்டுக்குக் குடுக்கன்னு எதிர் வீட்டு மாமி காலையில அஞ்சரைக்கே கேட்டைத் தட்டிட்டாங்க. சும்மா எடுத்துக்கோங்கன்னேன். கேக்கல, இருபது ரூபாயைத் திண்ணையில வச்சுட்டுப் போயிட்டாங்க. என் தோட்டத்துல வந்த முதல் வருமானம்! அந்த நோட்டைச் செலவு பண்ணாம பூஜை ரூம்ல வச்சிருக்கேன்.

அப்ப முடிவு என்ன? கொல்லையில, தண்ணி நிக்கிற இந்த இடத்துல ரெண்டு அகத்தி. விதையை ராத்திரி ஊறவச்சாச்சு. முருங்கையை விடல, வாசல் பக்கம் ரெண்டடி மேடு போட்டு, ஆத்துமணல் கலந்து அங்க ஒண்ணு. போத்து, அதாவது வெட்டின கிளைத்துண்டு, வைக்கல, விதைதான், பி.கே.எம். 1. பெரியகுளத்துல 1989ல விட்ட ரகம். தூத்துக்குடி பக்கம் எப்போதும்வென்றான்னு ஒரு ஊரு இருக்குல்ல, அந்த ஊரு நாட்டு முருங்கையில இருந்து தேர்ந்தெடுத்ததுதான். ஆறு மாசத்துல பூ வந்துடும். ரெண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிடுங்க, இல்லன்னா கொக்கு மாதிரி மேல போயிடும், அப்புறம் தொரட்டியோட அலையணும்.

ஆனா பாருங்க, இப்ப கிணத்தடியில ஈரச் சாக்கு சுத்தி ஏதோ கிடக்கு, என்னன்னு பிரிச்சேன். பெரியவனோட போத்து, நாலு. அத்தை வேலை. ஒண்ணும் கேட்டுக்கல, அப்படியே திரும்பச் சுத்தி வச்சுட்டேன்.

சரி, அடுத்த வாரம் பார்ப்போம். அப்புறம், யாருக்காவது ஸ்கூட்டருக்கு வலது பக்கக் கண்ணாடி மட்டும் வேணுமா? புதுசு, பிரிக்கவே இல்ல. 230 ரூபா, பேரம் கிடையாது.