உள்ளங்கையைப் பாருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"மார்மன்களின் புனித இடங்களில் துன்பத்தின் அடையாளம் இருக்கிறதா, இல்லையா?" என்பது இன்றைய தலைப்பு. மார்மன்கள் என்பவர்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபையினர். இல்லை என்று பேசிய எதிரணி நண்பர் இரண்டு விஷயங்களை முன்வைத்தார். ஒன்று, அவர்களுடைய ஆலயங்களிலும் சபைக் கூடங்களிலும் சிலுவை கிடையாது. இரண்டு, அவர்கள் போற்றும் கிறிஸ்து சிலை வெள்ளை வெளேரென்று, முள்முடி இல்லாமல், முகத்தில் வலியின் ஒரு கோடுகூட இல்லாமல் நிற்கிறது. "பாடுகளை ஒதுக்கிவிட்டு வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்" என்று சொல்லி அமர்ந்தார்.

முதல் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர் மாதா கோயிலில் நுழைந்ததும் பாடுபட்ட சுரூபம் கண்ணில் படும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மார்மன் சபைக் கூடம் வெறுமையாகத்தான் தெரியும். ஞாயிறு வழிபாடு நடக்கும் கூடத்தில் சிலுவையும் இல்லை, சிலையும் இல்லை. அந்த வெறுமை எனக்கும் உறுத்துகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டாவது விஷயத்தில் நண்பர் சிலையின் முகத்தோடு நின்றுவிட்டார். கொஞ்சம் கீழே பார்க்கலாம், வாருங்கள்.

டென்மார்க் சிற்பி பெர்டெல் தோர்வால்ட்சன் 19ஆம் நூற்றாண்டில் கோபன்ஹேகனில் உள்ள ஒரு லூத்தரன் பேராலயத்துக்காக உருவாக்கிய சிலை அது. அதன் பளிங்குப் பிரதியை 1960களில் சபையின் தலைமையகம் உள்ள அமெரிக்க நகரமான சால்ட் லேக் சிட்டியின் ஆலய வளாகத்தில், பார்வையாளர் மையத்தில் வைத்தார்கள். 2020 ஏப்ரலில் அந்த உருவமே சபையின் அடையாளச் சின்னத்தில் இடம்பெற்றது.

பத்தடிக்கு மேல் உயரம். தலை சற்றுக் குனிந்திருக்கிறது. இரண்டு கைகளும் தாழ்ந்து விரிந்திருக்கின்றன. உள்ளங்கை நம் பக்கம் திரும்பியிருக்கிறது, அதில் ஆணி இறங்கிய தழும்பு. பாதங்களிலும் அதே தழும்பு. மேலாடை ஒரு பக்கம் சரிந்து மார்பு தெரிகிறது, அங்கே ஈட்டி பாய்ந்த காயம். துணியை ஒரு சாண் மேலே இழுத்துச் செதுக்கியிருந்தால் அந்தக் காயம் மறைந்தே போயிருக்கும். சிற்பி அப்படிச் செய்யவில்லை. துன்பத்தை மறைக்க நினைக்கிற சபை இந்தச் சிலையைத் தேடிப் பிடித்துத் தன் சின்னமாக வைத்துக்கொள்ளுமா?

கோபன்ஹேகனில் அந்தச் சிலையின் பீடத்தில் "என்னிடத்தில் வாருங்கள்" என்று டேனிஷ் மொழியில் பொறித்திருக்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் வசனம். யாரை வரச் சொல்கிறார்? வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். சபையின் தலைவராக இருந்த கார்டன் ஹிங்க்லி, "சிலுவை இறக்கிற கிறிஸ்துவின் அடையாளம், நாங்கள் அறிவிப்பது உயிரோடிருக்கிற கிறிஸ்துவை" என்ற பொருளில் பேசியதை எடுத்துக் காட்டினார். அரிசோனாவின் மேசா ஆலயத்தைச் சுற்றிப் பார்த்த ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், சிலுவை எங்கே என்று கேட்டதற்குச் சொன்ன பதில் அது. உண்மைதான். ஆனால் அந்த உரை அதோடு முடியவில்லையே. மீட்பர் கொடுத்த பயங்கரமான விலையைச் சபையார் யாரும் மறக்கவே கூடாது என்று கெத்செமனேயையும் முள்முடியையும் அதே உரையில் சொல்கிறார். முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்புக் கேட்பது நியாயமில்லை.

கெத்செமனே என்றேன். இந்தச் சபையின் போதனைப்படி கிறிஸ்துவின் பாடு சிலுவையில் தொடங்குவதில்லை. முந்தின இரவே, ஒலிவ மரத் தோட்டத்தில், தனியாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு மயிர்த்துளையிலும் இரத்தம் வந்தது என்று அவர்களுடைய மார்மன் புத்தகம் பேசுகிறது. அந்த இரவைக் காட்டச் சிலுவை மாதிரி எந்த மரத்தை நட்டு வைப்பது?

அதே புத்தகத்தில் இன்னொரு காட்சி. உயிர்த்தெழுந்த கிறிஸ்து அமெரிக்க மண்ணில் மக்கள் முன் வருகிறார். வந்தவர் முதலில் அவர்களைத் தம் காயங்களைத் தொட்டுப் பார்க்க அழைக்கிறார். ஒருவர் பின் ஒருவராகப் போய், விலாவில் கை வைத்து, ஆணித் தழும்பைத் தடவிப் பார்க்கிறார்கள். கூடியிருந்தவர்கள் சுமார் 2500 பேர் என்று கணக்கும் வருகிறது. அவ்வளவு பேரும் தொட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்! பரங்கிமலையின் ஆங்கிலப் பெயரில் இருக்கிற தோமா ஒருவர் கேட்டதை இங்கே ஒரு கூட்டமே பெறுகிறது. அந்தக் கதையை வேதமாக வாசிக்கிறவர்களுக்கு அந்த விரிந்த கை வெறும் வரவேற்பாகவா தெரியும்?

சிலையில்லாத கூடத்திலும் ஞாயிறுதோறும் ஒன்று நடக்கிறது. சபையார் பாடிக்கொண்டிருக்க, இளைஞர்கள் எழுந்து சாதாரண ரொட்டியைக் கையால் பிய்க்கிறார்கள். உடலின் நினைவாக அந்தத் துண்டு. சிந்திய இரத்தத்தின் நினைவாகக் குட்டிக் கிண்ணத்தில் தண்ணீர். சுவரில் மாட்டாததைக் கையில் வாங்கி வாயில் போடுகிறார்கள்.

கடைசியாக உங்களை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு அழைத்துப் போகிறேன். 1846இல் இல்லினாயிலிருந்து விரட்டப்பட்ட மார்மன்கள் மிசூரி ஆற்றங்கரையில் குடிசை போட்டுக் குளிர்காலத்தைக் கழித்த இடம், விண்டர் குவார்ட்டர்ஸ். பசியிலும் நோயிலும் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள், அதில் குழந்தைகள் நிறைய. அந்த இடுகாட்டில் ஏவார்ட் ஃபேர்பேங்க்ஸ் செய்த வெண்கலச் சிலை 1936இல் திறக்கப்பட்டது. ஒரு கணவன், ஒரு மனைவி. குளிர்காற்றுக்குக் கணவனின் மேலங்கி இருவரையும் சேர்த்துப் போர்த்தியிருக்கிறது. இருவரும் குனிந்து காலடியில் பார்க்கிறார்கள். அங்கே அவர்கள் பிள்ளையின் குழி. வானத்தை நிமிர்ந்து பார்க்கும் முகம் அதில் ஒன்றுகூட இல்லை. அங்கே இறந்தவர்களின் பெயர்களையும் வெண்கலத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

"அது இடுகாடு, ஆலயமில்லையே" என்பீர்கள். 2001இல் சபை அங்கே ஒரு ஆலயம் கட்டித் திறந்தது. எங்கே தெரியுமா? அந்த இடுகாட்டை ஒட்டியே. வாழ்நாளுக்கும் அதற்கப்பாலும் சேர்ந்திருக்கக் குடும்பங்கள் உறுதி எடுக்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே, பிள்ளையைக் குழியில் வைத்துவிட்டு நிற்கிற அந்தத் தாயும் தகப்பனும் நிற்கிறார்கள். துன்பத்தை மறைக்க நினைத்தவர்கள் வேறு மனை வாங்கியிருப்பார்கள், நடுவர் அவர்களே.