மூன்று மலைகளும் ஒரு மஞ்சள் ஹெலிகாப்டரும்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

வரும் சனிக்கிழமை விடியற்காலையில் நாங்கள் எட்டுப் பேர் ஹார்ட்டன்-இன்-ரிபிள்ஸ்டேல் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு, பென்-இ-கெண்ட், வெர்ன்சைடு, இங்கிள்பரோ ஆகிய, வட இங்கிலாந்திலுள்ள யார்க்‌ஷயரின் மூன்று மலைகளையும் ஏறி இறங்கி, 12 மணி நேரத்துக்குள் அதே ஊருக்குத் திரும்ப முடிவு செய்திருக்கிறோம். ஏறத்தாழ 24 மைல் தூரம். மூன்றில் உயரமான வெர்ன்சைடு 736 மீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது குன்றாகவே தோன்றும். ஆனால் அங்கே சேறும் ஈரப்பாறையும், சொல்லாமல் வந்து கவியும் மூடுபனியும் எத்தனையோ பேரைக் கீழே தள்ளியிருக்கின்றன.

யார்க்‌ஷயர் ஏர் ஆம்புலன்ஸ் என்ற, ஹெலிகாப்டரில் மருத்துவ உதவி கொண்டு வரும் தொண்டு அமைப்புக்கு நிதி திரட்டுவதற்காகவே நடக்கிறோம். "வரிதான் கட்டுகிறோமே, இதற்கும் நாமா கொடுக்க வேண்டும்?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. சிகிச்சைக்குக் காசு கேட்காத இந்த நாட்டில், 2000-ஆம் ஆண்டு முதல் இங்கே பறந்து வரும் அந்த மஞ்சள் ஹெலிகாப்டர்களை மக்களின் நன்கொடைதான் பறக்க வைக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. ஸ்காட்லாந்தில் அரசு நிதியிலேயே இயங்கும் வான்வழி ஆம்புலன்ஸ் உண்டு. இங்கும் அப்படி இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த வாதம் முடியும்வரை மலையில் விழுந்து கிடப்பவர் காத்திருக்க முடியாது.

சென்ற ஆண்டு நடையில் இதை நேரில் கண்டேன். வெர்ன்சைடிலிருந்து இறங்கும் கற்படிகளில், எங்களுக்கு முன்னே சென்ற முன்பின் அறியாத ஒருவர் சறுக்கி விழுந்தார். பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. குளிரில் அவர் உதடு நீலம் பாரிக்கத் தொடங்க, எங்கள் மழைச்சட்டைகளைக் கழற்றி அவர்மேல் போர்த்தினோம். ஹெலிகாப்டர் சற்றுத் தள்ளிப் புல்வெளியில் இறங்கியபோது புல் முழுவதும் தரையோடு படிந்தது. ஓடி வந்த பாராமெடிக் என்ற அவசர மருத்துவப் பணியாளர் மண்டியிட்டு, ஒரு கையால் நாடி பார்த்தபடியே, அவருடைய பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் பேச்சுக்கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வலி தணிந்தது முகத்திலேயே தெரிந்தது. அவருடைய காலணி ஒன்றை நான் கையில் பிடித்திருந்தேன். ஹெலிகாப்டர் மேலெழுந்து மறைந்த பிறகுதான் அது இன்னும் என்னிடமே இருப்பதை உணர்ந்தேன்.

அந்த ஊர்தி நோயாளியை விரைவாகத் தூக்கிச் செல்கிறது என்பது பாதி உண்மைதான். சிகிச்சையையே அவர் விழுந்த இடத்துக்குக் கொண்டு வருகிறது என்பதே பெரிய உண்மை. அதன் பிறகு, வளைந்து வளைந்து செல்லும் பள்ளத்தாக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் லீட்ஸ் பொது மருத்துவமனையின் கூரைத் தளத்தை அது மிகக் குறைந்த நேரத்தில் எட்டிவிடுகிறது. 2006-இல் யார்க் அருகே எல்விங்டன் விமானத் தளத்தில் கார் கவிழ்ந்து தலையில் பலத்த காயமடைந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரிச்சர்ட் ஹாமண்டை லீட்ஸுக்குக் கொண்டு சென்றதும் இதே சேவைதான். புகழ்பெற்றவருக்கும் பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் அது ஒன்றுபோலவே பறந்தது. எவருக்கும் கட்டணச் சீட்டு நீட்டவில்லை.

நடைவழியில் ரிபிள்ஹெட் என்ற இடத்தில் 24 வளைவுகள் கொண்ட ரயில் பாலம் ஒன்று உண்டு. 1870-களில் அந்த ரயில் பாதை வேலைக்கு வந்து, விபத்திலும் அம்மை நோயிலும் மடிந்த தொழிலாளர்கள் பலர், அவர்களின் குழந்தைகள் பலர், அருகிலுள்ள சேப்பல்-லி-டேல் தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே நிற்கும்போதெல்லாம், உதவி எட்டாத தொலைவு என்பது என்ன என்று எனக்கு விளங்குகிறது.

நன்கொடைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. இங்கே வரி செலுத்துபவர்கள் 'கிஃப்ட் எய்ட்' கட்டத்தில் தவறாமல் குறியிடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். நடக்க இயலாதவர்களில் இருவர் சனிக்கிழமை நண்பகலில் அந்தப் பாலத்தருகே காரில் வந்து, சூடான தேநீரும் மாற்றுக் காலுறைகளும் வைத்துக் காத்திருந்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.