ராஜாவுக்கு தூக்கம் வராத ராத்திரி

வணக்கம் நேயர்களே. தற்செயல்னு நாம ஈஸியா சொல்லிட்டு தாண்டிப் போற விஷயங்கள யூதர்கள் எப்படி பாக்குறாங்கன்னு பேச கூப்பிட்டிருக்காங்க, எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இது, அதனால நேரா உள்ள போயிடறேன்.

யூத குருமார்களோட விவாதங்கள் அடங்கின தல்மூதுங்கற நூல்ல ஒரு கேள்வி வருது. கடவுள் ஒருத்தருக்கு குடுக்கற கஷ்டம் எவ்ளோ சின்னதா இருக்கலாம்? ஆளாளுக்கு ஒரு பதில் சொல்றாங்க, சட்டைய உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி மாட்டிக்கிட்டு கழட்டி திருப்பி போட வேண்டியதாச்சுன்னா அதுவும் கணக்குல வரும்ங்கறாங்க, பையில கைய விட்டு மூணு காசு எடுக்கப் பாத்தவனுக்கு ரெண்டுதான் வந்துச்சுன்னா அதுவும் கூடத்தான், ஏன்னா மறுபடி கைய விடணுமே. அவ்ளோ சின்ன விஷயத்துல கூட மேல இருந்து ஒருத்தர் கவனிக்கறார்னு நம்பறாங்க. ஹீப்ருல இத ஹஷ்கஹா ப்ரதீத்ன்னு சொல்வாங்க, ஒவ்வொரு ஆள் மேலயும் தனித்தனியா கடவுளோட பார்வை இருக்குங்கறது.

இதுல அவங்களுக்குள்ளயே பெரிய சண்டை உண்டு. 12ஆம் நூற்றாண்டுல எகிப்துல வைத்தியராவும் யூத அறிஞராவும் இருந்த ராம்பாம், அதாவது மைமோனிடிஸ், இலை உதிர்றதும் சிலந்தி ஈய பிடிக்கறதும் வெறும் தற்செயல்தான், தனித்தனி கவனிப்பெல்லாம் மனுஷனுக்கு மட்டும்தான்னு சொன்னார். 18ஆம் நூற்றாண்டுல உக்ரைன் பக்கம் வாழ்ந்த யூத ஆன்மிக குரு பால் ஷெம் தோவ் அத ஒத்துக்கல, காத்துல ஒரு இலை புரள்றது கூட கடவுள் நினைக்காம நடக்காதுன்னுட்டார். அவனன்றி ஓரணுவும் அசையாதுன்னு கேட்டு வளந்த நமக்கு இவர் பேச்சு சட்டுனு ஒட்டிக்கும், எனக்கும் மனசு அந்தப் பக்கம்தான்.

பைபிள்ல வர்ற யோசேப்பு கதைய எடுத்துக்குங்க. அண்ணன்மார தேடி சீகேமுக்கு போறான் பையன், அங்க யாரும் இல்ல, வயக்காட்டுல வழி தெரியாம சுத்திட்டிருக்கான். ஒரு ஆள் வந்து யாரத் தேடறன்னு கேட்டு, அவங்க தோத்தானுக்கு போவோம்னு பேசிக்கிட்டாங்கப்பான்னு சொல்றான். அவ்ளோதான் அந்த ஆளு, பேர் கூட கிடையாது, அப்புறம் வர்றதே இல்ல. ஆனா அவன் மட்டும் அன்னைக்கு அங்க இல்லன்னா பையன் வீட்டுக்கு திரும்பியிருப்பான், எகிப்துக்கு வித்திருக்க மாட்டாங்க, பஞ்சத்துல அதே அண்ணன்மாருக்கு தானியம் குடுக்க அங்க ஆளும் இருந்திருக்காது. அந்த ஆள் காபிரியேல் தூதன்னு, பைபிளுக்கு உரை எழுதின ராஷிங்கற யூத அறிஞர் சொல்லியிருக்கார். எனக்கென்னமோ அவர் சாதாரண விவசாயியா இருந்தாத்தான் கதை இன்னும் பெருசா தெரியுது.

பைபிள்லயே இருக்கற எஸ்தர் புத்தகத்துல, ஹீப்ரு மூலத்துல, கடவுள்ங்கற பேரே ஒரு இடத்துலயும் வராது. எஸ்தர்ங்கற யூதப் பொண்ணு பாரசீக ராஜா அகாஸ்வேருவோட ராணி, மொர்தெகாய் அவங்கள வளத்த சொந்தக்காரர், ராஜாவோட மந்திரி ஆமான் யூதர்கள் எல்லாரையும் கொல்ல திட்டம் போட்டவன். ஆனா ஒரு ராத்திரி ராஜாவுக்கு தூக்கம் வரல. சரி ராஜ்ய குறிப்பேட்ட வாசிங்கங்கறார், வாசிக்கறப்ப மொர்தெகாய் தன் உயிர காப்பாத்தின விஷயம் வருது, அவருக்கு ஒண்ணுமே செய்யலியேன்னு ராஜா யோசிக்கற அந்த நேரம் பாத்து, மொர்தெகாய தூக்குல போட பர்மிஷன் கேக்க ஆமான் முற்றத்துல வந்து நிக்கறான். கடைசில அந்த ஆமானே மொர்தெகாய குதிரையில ஏத்தி ஊர்வலம் கூட்டிட்டு போக வேண்டியதாகுது. பூரிம் பண்டிகையில வருஷா வருஷம் சத்தமா வாசிக்கறது இந்தக் கதையத்தான்.

ஆனா ஒண்ணு, இத அடுத்தவங்க துக்கத்து மேல வீசக்கூடாது. நோயில கிடக்கறவங்ககிட்டயோ பிள்ளைய புதைச்சவங்ககிட்டயோ பைபிள்ல எல்லாத்தையும் இழந்து தவிச்ச யோபுகிட்ட அவரோட சிநேகிதங்க பேசின மாதிரி, நீ ஏதோ தப்பு பண்ணதாலதான் இப்படின்னு பேசாதன்னு தல்மூத் தெளிவா சொல்லுது, அத வார்த்தையால செய்யற கொடுமைன்னே வச்சிருக்காங்க. சாவு வீட்டுல போய் எல்லாம் ஏதோ நல்லதுக்குத்தான்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு இப்பவும் கோவம் வரும்.

அப்ப தற்செயல்ல கடவுள் கைய பாக்கறது எதுக்குன்னா, எனக்கு லக்கு அடிச்சுதுன்னு சந்தோஷப்பட இல்ல, நம்மள எதுக்கு இங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்குன்னு கேக்கத்தான். பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ்ல ஏறினா பல வருஷமா பாக்காத ப்ரெண்டு உக்காந்திருக்கார், முகம் வாடியிருக்கு, அப்ப ஆச்சரியப்பட்டு செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடறதா, இல்ல என்னாச்சுப்பான்னு கேக்கறதா? யூதர்கள காப்பாத்த ராஜாகிட்ட போய் பேசுன்னு சொன்னப்ப மொர்தெகாய் எஸ்தர்கிட்ட கேட்டதும் இதான், இந்த மாதிரி ஒரு நேரத்துக்காகவே நீ ராணி ஆயிருக்கலாம் யாருக்கு தெரியும்ங்கறார். கூப்பிடாம ராஜா முன்னாடி போனா மரண தண்டனை, அது எஸ்தருக்கு நல்லாவே தெரியும். எனக்காக மூணு நாள் எல்லாரும் உபவாசம் இருங்க, நான் உள்ள போறேன், செத்தா சாகறேன்னு சொல்லி அனுப்பிட்டு போனாங்க.

நன்றி, வணக்கம்.