அசோகனும் ஓர் ஓலைப் பெட்டியும்

(கிழக்கிலங்கையின் காரைதீவில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, அதிபர்மார்களே, முன்வரிசையில் இடமிருந்தும் ஓரமாக அமர்ந்திருக்கும், கோயில் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கர் ஐயா அவர்களே, யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள், எல்லாருக்கும் வணக்கம்.

இந்திய மக்கள் வரலாற்றைப் பழங்காலம், இடைக்காலம், நவீன காலம் என்று மூன்றாக வகுத்து அரை மணியில் சொல்லும்படி தலைவர் பணித்தார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றது பேச்சாளருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் சிந்துவெளி. ஹரப்பாவை 1921இல் தோண்டத் தொடங்கினார்கள். மொகஞ்சதாரோவை அடுத்த ஆண்டு. கிணறு, வடிகால், எடைக்கல் எல்லாம் அகப்பட்டன. முத்திரைகளில் எழுத்தும் இருந்தது. எல்லாரும் ஒப்பும்படி அதை இன்றுவரை எவரும் வாசித்துக் காட்டவில்லை. அளந்து போட்டவர்கள்தான், கணக்கைப் படிக்கத்தான் ஆளில்லாமல் போயிற்று.

அசோகனுக்கும் அதே கதி நேர இருந்தது. கேளுங்கள். கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் என்ற வெள்ளைக்காரர், தூண்களில் இருந்த பழைய எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1837இல் சாஞ்சித் தூபியிலிருந்து சின்னச் சின்ன வரிகளின் படிகள் அவர் கைக்கு வந்தன. பார்த்தால், வரிக்கு வரி முடிவில் அதே இரண்டு எழுத்து! என்னவாயிருக்கும்? நம் கோயில் ரியூப் லைட்டைப் பாருங்கள்: வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பெயர், கடைசியில் 'உபயம்'. வண்ணக்கர் ஐயா முறைக்கக் கூடாது. அங்கேயும் அதேதான், 'தானம்'! இன்ன ஊரார் தந்த தானம், இன்ன பிக்குணி தந்த தானம். அதைப் பிடித்துக்கொண்டு பிராமி என்ற அந்தப் பழைய எழுத்தையே வாசித்துவிட்டார். பேரரசன் வாய் திறந்தது சாதாரண சனங்களின் உபயத்தால்.

வாசித்தால் அடுத்த சிக்கல். பியதசி என்றொரு மன்னன் பேசுகிறான்; யாரவன்? இலங்கையை ஆண்ட நம் தேவநம்பிய தீசனோ என்றுகூடப் பிரின்செப் முதலில் நினைத்தார். இலங்கையில் அரசுப் பணியிலிருந்த ஜோர்ஜ் டேர்னர் பாளி ஏடுகளைப் புரட்டி, அவன் சந்திரகுப்தனின் பேரன் அசோகன் என்று காட்டினார். மன்னனின் அடையாள அட்டை ஓலையில் இருந்தது ஐயா!

இடைக்காலத்தில் சோழர், டில்லி சுல்தான்கள், விஜயநகரம், முகலாயர். பிறகு 1757இல் பிளாசி, 1857இல் கிளர்ச்சி, 1947இல் விடுதலை. இவற்றுக்குத் தனிக் கூட்டம் வைக்கத் தலைவர் மனம் வைக்கட்டும்.

நான் வந்த காரியம் வேறு. 1892இல் இந்த ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் வழக்கொழிந்த யாழ்களை மீட்டெடுத்தது, சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் ஏட்டில் பிழைத்திருந்ததால்தான். நம் வீடுகளில்? கண்ணகியம்மன் குளிர்த்திச் சடங்குக்குப் பாடும் கண்ணகி வழக்குரை ஏடு, வைத்திய ஏடு, 1978 சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் தப்பியது எதுவானாலும், கறையானுக்குத் தப்புமா? வாசிக்க ஆளில்லையென்று யாராவது ஆற்றிலே விட நினைத்தால், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு, படமாவது எடுத்துவிட்டுப் போடுங்கள்!

பிரதேச செயலாளர் அவர்களே, ஓர் அறையும் ஒரு கமராவும் போதும். 'உபயம்' என்று பெரிதாகவே எழுதிவிடுகிறோம். வண்ணக்கர் ஐயா கோயில் ஓலைப் பெட்டியை முதலில் திறந்தால் ஊர் பின்னால் வரும். ஏடுகளை யாரும் தந்துவிட வேண்டாம். படம் எடுத்ததும் வீட்டுக்கே கொண்டுபோகலாம். கொண்டுவரும்போது மட்டும் ஏட்டுக் கட்டின் கயிற்றை அவிழ்க்காதீர்கள், வரிசை குலைந்தால் சேர்ப்பது பெரும்பாடு.