இருநூற்றுப் பதினான்கு கோடித் தனியன்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம்.

பேனை கையில் இருந்தால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2,147,483,647. வாயால் சொன்னால், இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். இது ஒரு முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணையும் கிட்ட விடாத தனியன் யானை.

“வகுபடாது என்று யார் பார்த்தது, சேர்?” என்று களுவாஞ்சிக்குடியில் என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். பார்த்தவர் சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஒயிலர். 1772 இல், கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்த காலத்தில், இதை நிறுவியிருந்தார்.

இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340 ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நாலாயிரத்துக்கு மேல். ஒயிலர் அவ்வளவையும் தொடவில்லை. காரணி என்று ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று முதலில் கேட்டார்.

சின்ன எண்ணில் பாருங்கள். பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. பார்வைக்கு முதன்மை எண் போலத்தான் நிற்கும். உண்மையில் அது 23 ஐ 89 ஆல் பெருக்கியது. இந்த இரண்டையும் 22 ஆல் வகுத்தால் மீதி 1. இது தற்செயல் அல்ல. 11 க்கு 22 எப்படியோ, 31 க்கு 62 அப்படி. அதோடு, காரணியை 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரலாம். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், நம் பெரிய எண்ணின் முதன்மைக் காரணி எதுவானாலும், 248 ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தர வேண்டும். இந்தச் சல்லடையில் தங்கும் முதன்மை எண்கள் நூறுகூட இல்லை. முதலாவது 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35. மற்றவையும் இப்படியே கைவிரித்துவிடும்.

இதே எண் பழைய கணினிகளின் கடிகாரத்திலும் குந்தியிருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் 32 இலக்கத் துவித (0, 1 மட்டுமே உள்ள) முறையில், ஓர் இலக்கம் கூட்டல் கழித்தல் குறிக்கே போய்விடுவதால், இதற்கு மேல் எண்ண இடமில்லை. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இலங்கை நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண்ணிக்கை நிறைகிறது. திருத்தப்படாத கருவி அடுத்த நொடியில் 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 இலக்கத்தில் எண்ணும் இயந்திரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பதின்மூன்று இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 8191. இதற்கு 26 ஆல் வகுத்து மீதி 1 வரும் எண்களைத் தேடுங்கள். 90 வரை போனால் போதும். எட்டின் நிபந்தனையையும் போட்டால், வகுத்துப் பார்க்க ஒரேயொரு முதன்மை எண்தான் மிஞ்சும். அது எது என்று நான் சொல்லப்போவதில்லை.